தந்தையாரொடு செஞ்சி கண்டது

செஞ்சி என்னும் பெயரைச் செவியுற்றவளவிலே தேசிங்குராஜனையும் அவன் ஊர்ந்த பரியையும் நினையாத தமிழர் அரியர். ஊர்ப்புறங்களிற் கதைப்பாட்டாகவும் தெருக்கூத்தாகவும் வழங்கி, 1960ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்து, படித்தார் படியாதார் என்னும் வேறுபாடின்றி யாவர் நாவிலும் நிலைபெற்ற கதை அஃது. ஆயினும், அக்கதைக்கு நிலைக்களனாகிய குன்றுகளை ஏறிக் கண்டோர் நம் கல்லூரியிற் சிலரேயாவர் என்று துணிந்து கூறலாம். சென்னையினின்று திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் பேருந்து, திண்டிவனத்தைக் கடந்து 28 கிலோமீட்டர் அளவில் செஞ்சியூரை அடைகின்றது. ஊரைவிட்டுச் சிறிது மேற்கே சென்றதும் சாலையே கோட்டை மதிலை ஊடறுத்துச் செல்லும். வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் அதனினும் உயர்ந்த இராஜகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். இம்மூன்றையும் முக்கோணமாக வளைத்து நிற்கும் மதிலின் நீளம் 13 கிலோமீட்டர் என்பர். குன்றுகள் என்றோமேயன்றி, மண்ணும் மரமும் செறிந்த பசிய மலைகளாக அவற்றை எண்ணற்க. யாரோ ஒருவர் பெரும் பாறைகளை வண்டி வண்டியாகக் கொணர்ந்து கொட்டிவிட்டுப் போனாற்போன்ற குவியல்கள் அவை. அக்குவியல்களின் உச்சியிலே மாளிகை எடுத்து வாழ வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே, அதுதான் வியப்பு.

இக்குன்றுகளுக்கு யாம் சென்றது எம் தந்தையாரொடு. அவரைப் பற்றி ஒருசில கூறினாலன்றி, யாம் கண்டது இன்னதென்று விளங்காது.

எம் தந்தையார் கொத்துவேலை செய்பவர். திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்து, 15ஆம் வயதிற் சித்தாளாகப் புகுந்து, பின்னர்க் கரணை பிடித்து, பூச்சுவேலையில் அப்பக்கத்தார் தேடிவந்து அழைக்கும் கொத்தனார் ஆனவர். எம் ஊர்த் தேவாலயத்தின் முகப்பிலுள்ள வளைவு அவர் கைவேலையே. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அயலூரில் எழுந்துகொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தின் சாரம் சரிந்து அவர் வீழ்ந்தார். வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டிடத்து முறிந்தது. அவ்வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் முதல் நாள் மருந்துச் செலவோடு தம் கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டார். ஏழு திங்கள் கட்டிலிலும் திண்ணையிலுமாகக் கழித்தபின், கோலூன்றியும் பின்னர்க் கோலின்றியும் தந்தையார் நடக்கத் தொடங்கினார். ஆயினும், இனிச் சாரம் ஏறலாகாது என்று மருத்துவர் திட்டமாகக் கூறிவிட்டனர். பூச்சுவேலைக்காரன் சாரம் ஏறலாகாதெனின், மீகாமன் கடலிற் செல்லலாகாது என்பது போலத்தான்.

அந்நாட்களில் எம் பெரிய தந்தையார் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கின்றனராம். திங்கள்தோறும் ஊதியம் தவறாது வருமாம். உண்டியும் ஊர்தியும் அவர்கள் பொறுப்பாம். "தமிழைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்றும் ஒரு வினா எழுப்பினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்த மாணவருள் இவ்வினாவைக் கேளாதார் ஒருவரும் இலர். ஆதலின் அதனைப் பொருட்படுத்தினோம் அல்லேம். ஆனால் ஊதியம் என்ற சொல் எம்மை விடவில்லை. வீட்டில் எம் தங்கை பதினொன்றாம் வகுப்புப் படிக்கின்றாள். மளிகைக் கடைக் கணக்கு ஏட்டை அன்னையார் எம் கண்ணிற் படாதவாறு வைப்பதும் யாம் அறிந்ததே. கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்புவதில்லை என்றும், அதனைத் தந்தையாரிடம் விடுமுறைக்குள் சொல்லிவிடுவது என்றும் உள்ளத்தே முடிவு செய்துகொண்டோம்.

இவ்வாறிருக்க, கிறிஸ்துமஸ் இரவு உணவுண்ணும்போது தந்தையார், "தம்பி, செஞ்சிக்குப் போய் வருவோமா? முப்பது வருஷமாகப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன், வேலை விட்டபாடில்லை. இப்போதுதான் ஓய்வு" என்றார். அன்னையார் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் காலோடு மலையா?" என்றார். "ஏறுகிற மட்டும் ஏறுவேன், முடியாவிட்டால் உட்கார்ந்துகொள்வேன். மலை என்னைத் துரத்தவா போகிறது?" என்பது தந்தையார் மறுமொழி. பேருந்தில் இருவரும் தனித்திருக்கும்போது எம் கருத்தைச் சொல்லலாம் என்று யாமும் இசைந்தோம். ஆனால் பேருந்திற் கூட்டம் மிகுந்திருந்தமையால் அவர் முன்னும் யாம் பின்னுமாக அமர நேர்ந்தது. பேச்சுக்கு இடமில்லாது போயிற்று.

கோட்டை வாயிலிற் சீட்டு வாங்கும்போது காலை ஒன்பது மணியைக் கடந்திருக்கும். மராட்டியர் போர்க்களக் கோட்டைகள் என்னும் வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனத்தார் 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றனர். அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. அதனாற்போலும், அன்று திரள் சற்றே மிகுந்து காணப்பட்டது. பெரும்பாலோர் இராஜகிரியை நோக்கியே சென்றனர். தந்தையார், "சின்னதில் ஆரம்பிப்போம்" என்று சாலையைக் கடந்து கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்தார்.

கிருஷ்ணகிரிக்கு அடிமுதல் முடிவரை கருங்கற் படிகள் உள்ளன. படிகள் ஓரளவினவாக இல்லை. ஒன்று ஒரு சாண், அடுத்தது ஒரு முழம். தந்தையார் இடக்காலை முதலில் வைத்து, வலக்காலை அதனருகே கொணர்ந்து சேர்த்து, பின்னரே அடுத்த படியைப் பார்த்தார். இருபது படிக்கொரு தடவை நின்றார். நிற்கும்போதெல்லாம் மூச்சு வாங்குவதை மறைத்தற்கு ஏதேனும் ஒரு கல்லைக் காட்டி எம்மிடம் பேசுவார். "இங்கே பார், உளிக்குழி வரிசையாக இருக்கிறது. குழியடித்து ஆப்பு வைத்துப் பிளந்திருக்கிறார்கள்" என்பார். வலியை மறைத்தற்கு எடுத்த பேச்சாயினும், அப்பேச்சில் யாம் அதுகாறும் அறியாத செய்திகள் பல இருந்தன. கூட வந்த கல்லூரி இளைஞர் கூட்டமொன்று எம்மைக் கடந்து ஓடி, உச்சியில் நிழற்படம் எடுத்துக்கொண்டு, யாம் பாதிவழி ஏறுமுன்னரே இறங்கியும் போயிற்று.

உச்சியிலே நெல் சேர்த்து வைத்த களஞ்சியங்களும், நெய்யும் எண்ணெயும் நிரப்பி வைத்தற்கென்று அமைத்த தொட்டிகளும், அரங்கநாதர் கோயிலும் உள்ளன. முற்றுகை வந்தால் திங்கட்கணக்கில் மேலேயே இருந்து உண்ணுதற்குரிய ஏற்பாடு. இவற்றுக்கெல்லாம் அழகு செய்வது அரசிருக்கை மண்டபம். வளைவுகள் தாங்க, மேலே கவிந்த கூரையுடன், செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த கட்டடம் அது. காற்று வரும் வழியில் அமருதற்கு மேடையும் உண்டு. அங்கிருந்து நோக்கின், கீழே வயல்களும் ஏரிகளும் சாலையும், எதிரே இராஜகிரியின் நெட்டுயர்ந்த பாறையும் ஒருங்கே தோன்றும். வேனிலிலும் அவ்விடம் குளிர்ந்திருக்கும் என்று எண்ணுகின்றோம். மார்கழியிலோ காற்று ஆளைத் தள்ளுகின்றது.

பிறர் காட்சியைக் காண, தந்தையார் சுவரைக் கண்டார். உள்ளங்கையை விரித்துப் பூச்சின்மேல் வைத்து, மாட்டைத் தடவுவார்போல மெல்லத் தடவினார். "சிமிட்டி இல்லை தம்பி, சுண்ணாம்பு" என்று தொடங்கினார். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, குழியிலிட்டு நீற்றி, பல நாள் ஊறவைத்து, மணலொடு கூட்டிச் செக்கில் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பர். சிமிட்டி ஓரிரு நாளில் இறுகிவிடும். சுண்ணாம்போ காற்றை உண்டு உண்டு ஆண்டுக்கணக்கில் இறுகும். "அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. என் வாத்தியார் ஒரே ஒரு வீட்டுக்கு இப்படிப் பூசினார்; நான் சாந்து அரைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை" என்றார். அங்ஙனம் பல நூற்றாண்டு நின்ற பூச்சின்மேல், வந்து போனோர் தம் பெயரையும் தம் காதலியர் பெயரையும் ஆணியாற் கீறிச் சென்றிருந்தனர். தந்தையார் அவற்றைப் படிக்கவில்லை. கீறலின் ஆழத்தை மட்டும் நகத்தால் அளந்து பார்த்து, "உள்பூச்சு வரை போகவில்லை" என்று ஆறுதல் கொண்டார். எமக்கு அவ்வாறுதல் உண்டாகவில்லை. கல்வெட்டைப் படிக்கக் கற்கும் எமக்கு இக்கீறல்களைக் கண்டால் எரிச்சலே மிகுகின்றது.

பின்னர் மேடையில் அமர்ந்தார். அன்னையார் கட்டித் தந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். பாதி உண்ட அளவில் அவரே தொடங்கினார். "பெரியப்பா உன்னிடம் சொன்னது எனக்குத் தெரியும்."

யாம் விடை கூறவில்லை.

"நீ போகிறேன் என்று சொல்லப் போகிறாய். பஸ்ஸிலேயே சொல்லியிருப்பாய், இடம் கிடைக்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தே நீ முடிவு செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை."

"உங்கள் கால் அப்பா," என்றோம். மேலே சொல் எழவில்லை.

"கால்தான். சாரம் ஏறக்கூடாது என்றார்கள். வேலை செய்யக்கூடாது என்று சொல்லவில்லையே. தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை இருக்கிறது. எல்லாம் தரையோடு தரை. திண்டிவனத்து மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். தை பிறந்ததும் வா என்றிருக்கிறார். கூலி முன்போல் இராது, பாதிக்கு மேலே இருக்கும். உனக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் கொடுக்கிறது. விடுதிக்கு அதுபோக மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்."

அரசினர் 2024ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்து உதவித்தொகையையே அவர் கருதினார். கணக்கெல்லாம் முன்னரே போட்டு வைத்திருந்தார் என்பது விளங்கிற்று. ஆனால் டைல்ஸ் வேலையை யாமும் கண்டிருக்கின்றோம். நாள் முழுதும் குந்தியும் மண்டியிட்டும் நகர்ந்தும் செய்யும் வேலை அது. சாரத்தில் நிற்பவனுக்குக் காலில் வலு வேண்டும். தரையிற் குந்துபவனுக்கு முழங்கால் மடங்க வேண்டும். மடங்குமோ என்று கேட்டோம்.

அவர் சிறிது நேரம் எதிரேயிருந்த இராஜகிரியைப் பார்த்திருந்தார். "அதைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன். வீட்டில் குந்திப் பார்த்தால் அம்மா அழுவாள்" என்றார்.

இதுகேட்டு எமக்கு உண்டாகியது இன்னது என்று கூறும் ஆற்றல் எம்பால் இல்லை. கிருஷ்ணகிரியின் அத்தனை படிகளிலும் அவர் கல்லைக் காட்டிப் பேசியது வலியை மறைக்க என்றெண்ணி வந்தோம். அவர் தம் காலுக்குத் தேர்வு நடத்திக்கொண்டு வந்தனர் என்பதை அப்போதே அறிந்தோம்.

இறங்குதல் ஏறுதலினும் கடிதாயிற்று. முன்னே இறங்கி நின்று, எம் தோளைப் பற்றிக்கொள்ளச் செய்து அழைத்து வந்தோம். சாலையைக் கடந்து இராஜகிரியின் அடிவாரத்துக் கீழ்க்கோட்டையை அடையும்போது உச்சிப்பொழுது.

கீழ்க்கோட்டையில் யாவர் கண்ணையும் முதலிற் கவர்வது கலியாண மகால். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே, நிலைமேல் நிலையாகச் சதுரக் கோபுரம்போல எழுந்து, கூம்பிய முடியுடன் நிற்பது. ஒவ்வொரு நிலையிலும் நடுவே சிற்றறையும் அதனைச் சூழ்ந்து நடைவழியும் உண்டு. அரண்மனை மகளிர் உறைந்த இடம் என்பர். மதிலுக்கு வெளியேயுள்ள குளத்தினின்று சுடுமண் குழாய் வழியே மேல்நிலைவரை நீர் வந்தது என்றும் கூறுவர். தந்தையார் இதனைக் கேட்டதும், குளம் மேட்டில் இருக்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னர்ப் பெருங்களஞ்சியத்துள் நுழைந்தோம். தடித்த சுவர்களின்மேல் வளைந்து கவிந்த கூரை. உள்ளே பேசினாற் குரல் சுழன்று வருகின்றது. நடுவே தூண் இல்லை. "சாரம் போட்டு, மரத்தில் வளைவு செய்து, அதன்மேல் கட்டி, காய்ந்த பிறகு மரத்தை உருவியிருக்க வேண்டும். உருவுகிற அன்று எல்லாரும் வெளியே நின்றிருப்பார்கள், கட்டினவன் மட்டும் உள்ளே நின்றிருப்பான்" என்று சொல்லித் தந்தையார் நகைத்தார். அவர் நகைத்ததை யாம் பல திங்களாகக் கண்டதில்லை.

செஞ்சியின் வரலாறு விரிக்கிற் பெருகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943ஆம் ஆண்டில் இதனையே பொருளாகக் கொண்டு ஒரு பெருநூல் ஆங்கிலத்தில் எழுதியுள்ளார். வேண்டுவோர் அதனுட் காண்க. ஆனந்தக்கோன் என்னும் ஆயர்குலத் தலைவன் 1200ஆம் ஆண்டையொட்டி முதலில் அரண் எடுத்தான் என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர் விஜயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்கர் ஆண்டனர். இன்று காணும் கட்டடங்களுட் பல அவர் காலத்தன. பீஜப்பூர்ச் சுல்தான் படை அவர்களை வென்றது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். சிவாஜியின் இளைய மைந்தர் இராஜாராம், மொகலாயர்க்கு அஞ்சித் தம் நாட்டைவிட்டு வந்து இக்கோட்டையிலேயே அரசிருந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட பின்னரே கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கொண்டனர். இத்துணை அரசர் கைமாறிய கோட்டையில், மக்கள் மனத்தில் நின்றவன் ஓராண்டும் முழுதாக ஆளாத தேசிங்கு ஒருவனே என்பது எண்ணத்தக்கது.

அவன் இயற்பெயர் தேஜ்சிங். புந்தேலா இராஜபுத்திரன், தமிழ்நாட்டான் அல்லன். தந்தை சொரூப்சிங் 1714இல் இறந்ததும், கோட்டை தன் உரிமை என்று கருதி, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட பாக்கிப் பணத்தைச் செலுத்த மறுத்தான். அவ்வாண்டு அக்டோபரில் சிறு படையொடு பெரும்படையை எதிர்த்து மாண்டான். அகவை 22 என்பர். வரலாற்றாசிரியர் நோக்கில் இஃதொரு வரிப்பண வழக்கு. கதைப்பாட்டுப் பாடிய புலவனோ, வரியையும் பாக்கியையும் ஒதுக்கிவிட்டு, நண்பன் மகபத்துகானைக் கதையின் நடுவே கொணர்ந்து நிறுத்தினான். மணப்பந்தலினின்று எழுந்துவந்து தேசிங்கின் பக்கம் நின்று அம்முகமதிய இளைஞன் உயிர்விட்டதாகப் பாட்டு கூறும். ஒருவன் வேற்று நாட்டான், மற்றவன் வேற்றுச் சமயத்தான். இருவரையும் தன் மக்களாக்கிக்கொண்டு தமிழுலகம் அழுதது. வகுப்பிலே இக்கதைப்பாட்டு வகைகளை இலக்கியமென்று கொள்வதா என்று வாதிடுகின்றோம். கீழ்க்கோட்டையில் நின்றுகொண்டு எம் தந்தையார் அக்கதையை முதலிலிருந்து முடிவுவரை எமக்குச் சொல்லியபோது, அவ்வாதம் எமக்கு மிகவும் மெலிந்ததாகத் தோன்றிற்று. அங்கேயே வேங்கடரமணர் கோயிலும், வெற்றிக்குப்பின் 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உள்ளன. கோயில் வாயிலின் சிற்பங்களை விரைந்து கண்டு மேலே சென்றோம்.

இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் காவலர் எவரையும் மேலே விடுவதில்லை, ஆதலின் காலந்தாழ்த்தலாகாது. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று என்னும் பாறை உண்டு. 24 தீர்த்தங்கரர் உருவமும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணச் சான்றோரின் பழங்கல்வெட்டும் அங்கே உள்ளன. தமிழ் எழுத்தின் வளர்ச்சியைக் கற்பார்க்கு அஃதொரு கருவூலம். அதனைக் காணும் எண்ணத்தை அவ்விடத்திலேயே கைவிட்டோம்.

தந்தையார் ஏறத் தொடங்கினார். முதற் பகுதியில் மரநிழல் உண்டு, குரங்குகளும் உண்டு. புளிச்சோற்றுப் பை வெறும்பையென்று அறியாமல் ஒரு கடுவன் அதனைப் பறித்துச் சென்று, உதறிப் பார்த்து, எம்மை வைதது. வாயில்கள் ஒவ்வொன்றாகக் கடந்தோம். இப்போது தந்தையார் கல்லைக் காட்டிப் பேசவில்லை. பத்துப் படிக்கொரு தடவை நின்றார். பின்னர் ஐந்துக்கொரு தடவை. பாதிவழிக்குச் சற்றுக் கீழே ஒரு வாயிலின் நிழலில் அமர்ந்து, வலக்காலை நீட்டி, கையாற் பிடித்துக்கொண்டார். நெற்றியிலே வியர்வை. யாம் அருகில் அமர்ந்தோம். திரும்பலாம் என்றோம்.

"நான் இங்கே இருக்கிறேன். நீ போ" என்றார்.

"உங்களை விட்டுவிட்டா?"

"நீ போய்ப் பார்த்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். சும்மா பார்க்காதே. மேலே ஒரு பிளவு இருக்கிறதாம், அதில் மரப்பாலம் போட்டிருந்தார்களாம். உத்திரம் எதில் உட்கார்ந்தது, கல்லில் குழி வெட்டியிருக்கிறார்களா, சுவர் எடுத்திருக்கிறார்களா, பார். உச்சி மண்டபம் கல்லா செங்கல்லா என்று பார். பூச்சில் வெடிப்பு எங்கே இருக்கிறது, மேலேயா மூலையிலா? போ, நேரமாகிறது."

யாம் ஏறினோம். தனியே ஏறுங்கால் கால்கள் விரைந்தன. உள்ளமோ கீழேயே நின்றது. மரங்கள் ஒழிந்து வெயிலும் பாறையும் எஞ்சின. உச்சிப் பாறைக்குச் சற்று இப்பால், மலையே இரண்டாகப் பிளந்தாற்போல ஒரு கெவி. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்பர். இதன்மேல் இட்ட மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலுள்ள கோட்டையை அணுகுதற்கு வேறு வழியில்லை. ஒருசிலர் நின்றே பெரும்படையைத் தடுத்திருக்கலாம். இக்காலத்தில் நிலையான பாலம் உள்ளது. யாம் அதன்மேல் நின்று, காட்சியைக் காணாது, குனிந்து இருபுறக் கரைகளையும் நோக்கினோம். இருபாலும் கல்லாற் கட்டி எழுப்பி வாயில் அமைத்திருப்பதைக் கண்டு உளத்திற் குறித்துக்கொண்டோம். உச்சியில் அரங்கநாதர் கோயில் கருங்கல். வளைவுகளோடு கூடிய மண்டபம் செங்கல்லும் சுண்ணாம்பும். பழைய பீரங்கி ஒன்று கீழே கிடக்கும் நாட்டை நோக்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி எம் காலடியிற் கிடந்தது. காலையில் யாம் அமர்ந்த மேடை ஒரு புள்ளியளவு தோன்றிற்று. பூச்சின் வெடிப்புகளை எண்ணினோம். மழைநீர் இறங்கும் மூலைகளிலேயே அவை மிக்கிருந்தன. காவலர் இறங்குமாறு கூறவும் இறங்கினோம்.

தந்தையார் விட்ட இடத்திலேயே இருந்தார். ஆனால் அமர்ந்திருக்கவில்லை, வாயிற்சுவரிற் கைகொடுத்து, மெல்லக் குந்துவதும் எழுவதுமாக இருந்தார். எம்மைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை தடவை?" என்றோம்.

"பதினொன்று. கடைசி மூன்று சரியில்லை." பின்னர், "டைல்ஸ் வேலைக்கு இராஜகிரி ஏற வேண்டியதில்லை தம்பி" என்றார்.

அரைநாள் வேலையாக முதலிற் பார்ப்பது என்றும், வலி மிகுந்தால் மறையாமல் அன்னையாரிடம் சொல்வது என்றும், எமது படிப்பைப் பற்றிய பேச்சை ஏப்பிரல் தேர்வு முடியும்வரை எடுப்பதில்லை என்றும் இறங்கும் வழியிலே பேசி முடிவு செய்தோம். முழுமனத்தொடு யாம் இசைந்தோம் என்று கூறுதற்கில்லை. பெரிய தந்தையாரிடம் அவரே சொல்லிக்கொள்வதாகவும் கூறினார்.

சாலையோரத்தில் ஒரு கிழவி அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். இருபது ரூபாய்க்கு வாங்கினோம். பேருந்து வரும்வரை புளியமரத்தடியில் அமர்ந்து, மேலே கண்டவற்றை வரிசையாகக் கூறினோம். பாலத்தைச் சொல்லால் விளக்குதல் அரிதாயிற்று. காலையில் வாங்கிய சீட்டின் பின்புறத்தில் எழுதுகோலால் வரைந்து காட்டினோம். தந்தையார் அதனை வாங்கிப் பார்த்து, "இந்தப் பக்கத்து வாசல் இவ்வளவு கிட்டத்திலா? அப்படியானால் பாலத்தை இழுத்து எங்கே வைப்பான்?" என்று கேட்டார். அதனை யாம் நோக்கவில்லை. "மேலே தூக்கியிருப்பார்கள், கயிறு கட்டி," என்று அவரே விடையும் கூறி, எம் கோலை வாங்கி, வாயிலுக்கு மேலே கயிறு செல்லுதற்கு இரண்டு துளைகளை வரைந்து சேர்த்தார்.

பேருந்து வந்தது. இம்முறை இருவர்க்கும் ஒரே இருக்கையில் இடம் கிடைத்தது.